கட்டிலில் மூழ்கியவர்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் நகராட்சிக்கு நூறு வயது ஆகிறது. அதற்கு ஒரு வரலாறு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஊரில் எழுதத் தெரிந்த மற்ற எல்லாருக்கும் வேலை இருந்தது. நான் உருக்காலை வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். இருநூற்றுப் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அச்சாகிவிட்டது. நாளைக் காலை பதினொரு மணிக்கு, நூற்றாண்டுச் சிறப்புக் கூட்டத்தில் வெளியிடுகிறார்கள்.

வரலாற்றில் இடம் கிடைக்காமல் மிஞ்சியதை இங்கே கொட்டுகிறேன். மிஞ்சியதைக் கொட்டுவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அது பின்னால் வரும்.

எப்படித் தொடங்குவது என்பதில் இழுபறி. முதல் முயற்சி:

"அன்று கடல் அமைதியாக இருந்தது. தூரத்தில் ஆலையின் புகை ஒரு"

(விட்டுவிட்டேன். கடல் அமைதியாக இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. நடுவில் ஆலைச் சுவர் இருக்கிறது.)

இரண்டாவது:

"கடலோரத் தொழில் நகரங்களுக்கென்று ஒரு தனிச் சோகம் உண்டு."

(இதுவும் பொய். சோகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். எங்களுக்குத் தனியாக இருப்பது நகராட்சி.)

மூன்றாவது:

"என் அத்தான் போன வருஷம், கட்டிலில் படுத்தபடி கடலில் மூழ்கி இறந்தார்."

இது நிற்கட்டும். இது என் கற்பனை இல்லை. நகராட்சி எழுதித் தரத் தயாராக இருக்கும் வாக்கியம். என் அக்கா அதை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். மீதிக் கதை இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிய தகராறுதான்.

2

வரலாற்றாசிரியனாக நடந்துகொள்ள வேண்டிய பகுதி இது. சுருக்கமாக முடிக்கிறேன்.

உப்புக் கிடங்குக்காரர்கள் ஏழு பேர், தெருவிளக்கு வேண்டும் என்று மனுப் போட்டதில் பிறந்தது எங்கள் நகராட்சி. விளக்கு எரியப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் ஏழு பேரில் ஐந்து பேர் இறந்திருந்தார்கள். மீதி இரண்டு பேருக்குக் கண் தெரியாது. நூறு வருஷத்தில் நகராட்சி செய்தவற்றில் காலத்தோடு செய்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

கூட்டம் என்றால் இப்படி. தலைவர் வந்து உட்காருவார். போன கூட்டத்தின் குறிப்புகளைப் படிக்க வேண்டும் என்பது விதி. யாரும் படிக்க மாட்டார்கள். தலைவர் கையை அசைப்பார். "வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது" என்று எழுதிக்கொள்வார்கள். நூறு வருஷத்துக் குறிப்பேடுகளையும் புரட்டிவிட்டேன். உண்மையில் வாசிக்கப்பட்டது மூன்று முறை. மூன்று முறையும் அடைமழை பிடித்துக்கொண்டு, வெளியே போக முடியாமல் பொழுது போவதற்காக.

ஆனால் ஒன்றை மட்டும் உரக்க வாசித்தே ஆக வேண்டும். வருஷத்தின் முதல் கூட்டத்திலும் சிறப்புக் கூட்டங்களிலும் நகரின் நான்கு எல்லைகளையும் குறிப்பெழுத்தர் எழுந்து நின்று படிக்காவிட்டால் அந்தக் கூட்டமே செல்லாது. தொடக்கச் சட்டத்தின் மூன்றாவது விதி.

"வடக்கே உப்பளம்." மேசையைத் தட்டுவார்கள். "தெற்கே கழிமுகம்." தட்டுவார்கள். "மேற்கே ரயில் பாதை." தட்டு. "கிழக்கே கடல்." நீளமாகத் தட்டு.

உப்பளத்தின் மேல் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன. கழிமுகம் தூர்ந்து பஸ் நிலையமாகிவிட்டது. ரயில் பாதையின் தண்டவாளங்களைப் பிடுங்கி இருபது வருஷம் ஆகிறது. நான்குமே பொய். முதல் மூன்று பொய்களால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நான்காவதால்தான் இந்தக் கதை.

இதைப் படிக்கும் குறிப்பெழுத்தரை ஊரில் 'தீர்மானம்' என்று கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அவர்தான் படிக்கிறார். பிறப்பு இறப்புப் பதிவேடும் அவர் மேசைதான். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கதை எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

(அவருடைய மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில் இருக்கும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் எடுத்துப் போட்டுக்கொள்வார். நான்கு எல்லைகளுக்கு மட்டும் எடுப்பதில்லை. மனப்பாடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்துபோனேன்.)

3

இனி, மிஞ்சியதைக் கொட்டும் முறை.

இரும்பை உருக்கினால் கசடு மிஞ்சும். எங்கள் ஆலை அறுபது வருஷமாக உருக்குகிறது. கசடு கடலுக்குப் போயிற்று. வண்டி வண்டியாகக் கொட்டக் கொட்ட, கடல் பின்வாங்கியது. கசடு ஆறி இறுகிக் கல்லாகி, அதன் மேல் காற்று மண்ணைப் போட்டு, கிழக்கே ஒரு மேடு உண்டாயிற்று. வாடகைக்கு வழியில்லாத ஆலைத் தொழிலாளிகள் அதில் வீடு கட்டிக்கொண்டார்கள். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஐந்து வரிசை. பேர் கசடுமேடு.

ஆலையின் உரிமத்தில், கடலில் எதையும் கொட்டுவதில்லை என்று இருக்கிறது. கொட்டவில்லை என்றால் மேடு உண்டாகியிருக்க முடியாது. மேடு இல்லையென்றால் அதன் மேல் வீடுகள் இல்லை. வீடுகள் இல்லாத இடத்தில் யார் இருக்க முடியும்? தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேட்டிருக்கிறோம். இவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டைத் தண்ணீரில் மறைத்தார்கள்.

நகராட்சி ஏன் எல்லையைத் திருத்தவில்லை? திருத்தினால் ஏழாம் வார்டு இரண்டாகப் பிரியும். ஏழாம் வார்டு தலைவருடையது. அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு வரலாறு தேவைப்படவில்லை. டீக்கடையில் சொன்னார்கள். தேர்தல் வந்தால் மட்டும் தலைவர் கைகூப்பிக்கொண்டு கடல் மேல் நடந்து வருவார். மேற்கே சொந்தக்காரர் வீட்டு முகவரியில் ஓட்டு வைத்திருப்பவர்கள் அங்கே நிறைய.

(அடிக்குறிப்பு போல ஒன்று. ஆறு வருஷம் இரவு ஷிப்டில் கசடு வண்டிகளுக்கு எடைச்சீட்டு எழுதியவன் நான். 'கொட்டிய இடம்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் 'சேமிப்புக் கிடங்கு' என்று எழுதினேன். கிடங்கே கிடையாது. என் முதல் புனைவு அதுதான். என்னுடைய எழுத்தில் அதைப் போல வேறெதையும் மக்கள் அப்படியே நம்பியதில்லை.)

4

அத்தான் அந்த வண்டிகளைக் கடல் முனையில் கவிழ்க்கும் கூட்டத்தில் இருந்தார். எனக்கு ஆலையில் வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். நான் விட்டபோது திட்டியவரும் அவர்தான். நெஞ்சு நிறையத் தூசி. கடைசி எட்டு மாதம் கட்டில். பதினோரு மாதம் மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், மூன்றாவது வரிசையில் தன் வீட்டில் இறந்தார். ஆலை மருத்துவரின் சீட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது: வீட்டில்.

ஆலையில் வாரிசு வேலை உண்டு. இறந்தவரின் மனைவி, ஒரு வருஷத்துக்குள் இறப்புச் சான்றிதழோடு போனால் சலவைப் பிரிவில் எடுத்துக்கொள்வார்கள். நிரந்தர வேலை. அக்கா இப்போது ஒப்பந்தக்காரர் ஒருவருக்குக் கிழிந்த கையுறைகளைத் தைத்துக் கொடுக்கிறாள். தொழிலாளிகளின் கையுறை. கனத்த துணி. விரல் நுனியெல்லாம் ஊசி ஏறிக் காய்ப்புக் காய்த்திருக்கிறது.

சான்றிதழ் கேட்டுத் தீர்மானத்தின் மேசைக்குப் போனோம். நானும் கூட இருந்தேன். நடந்ததை அப்படியே தருகிறேன்.

"எங்கம்மா செத்தாரு?"

"வீட்ல சார்."

"வீடு எங்க?"

"கசடுமேடு. மூணாவது வரிசை."

கண்ணாடியைப் போட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். "அப்படி ஒரு எடம் இல்லையேம்மா."

"இப்ப அங்கேர்ந்துதான் சார் வரேன்."

"நீங்க வந்திருப்பீங்க. ரிஜிஸ்டர்ல இல்லையே. ஏழாம் வார்டு எல்லைக்கல்லோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் கடல்."

"கடல்ல அடுப்பு எரியுமா சார்?"

"எரியாது. அதனாலதான் சொல்றேன், அங்க வீடு இல்ல." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சங்கடப்பட்டார். "மன்றக் குறிப்புல அந்த எடத்தோட பேரு ஒரே ஒரு தடவை வந்திருந்தாக்கூடப் போதும்மா. நானே கையெழுத்துப் போட்டுத் தந்துடுவேன். நூறு வருஷத்துல ஒரு வரி இல்லையே, நான் என்ன பண்ண?"

கடல் என்றால் துறைமுக அலுவலகத்தின் பொறுப்பு என்று அங்கே அனுப்பினார். துறைமுகத்தில் கேட்டார்கள்: "எந்தப் படகு?"

"படகு இல்ல சார். கட்டில்."

"கட்டில் மிதந்துச்சா?"

அக்கா திரும்பி வந்துவிட்டாள்.

மறுபடியும் தீர்மானத்திடம். அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கும்மா. 'கடலில் மூழ்கி இறந்தார்'னு போட்டுடலாம். ரெண்டே நாள்ல சர்டிபிகேட். உங்க ஏரியாவுல எல்லாருக்கும் அப்படித்தான் குடுத்திருக்கேன். இதுவரைக்கும் பதினோரு பேரு."

"எல்லாரும் மூழ்கிட்டாங்களா?"

"ரெக்கார்டுபடி."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரை. "எங்க வீட்டுக்காரருக்குக் கடைசியா நான்தான் சார் ஸ்பூன்ல தண்ணி குடுத்தேன். பாதி வழிஞ்சிடுச்சு. மீதிப் பாதியில மூழ்கிட்டாரா?"

(இன்னொரு விவரம். பதிவேட்டில் பதினோரு பேர் மூழ்கியிருப்பதைக் கண்டு தலைவருக்கே கவலை வந்து, எச்சரிக்கைப் பலகை வைக்க உத்தரவு போட்டார். 'ஆழமான பகுதி. குளிக்காதீர்.' பலகையைக் கொண்டுவந்தவர்கள் அதை அக்கா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் நட்டுவிட்டுப் போனார்கள். அக்கா அதில் துணி காயப்போடுகிறாள்.)

5

இந்த இடத்தில் எனக்கு அக்காவின் மேல் சந்தேகம் வருகிறது. கதாபாத்திரம் என்ற முறையில் சொல்கிறேன். இப்படி ஒரு பெண் நிஜத்தில் இருப்பாளா? வேலை வேண்டும். சான்றிதழ் கிடைக்கிறது. அதில் ஒரு வார்த்தை பொய். எந்தச் சான்றிதழில்தான் பொய் இல்லை? வாசகர் நம்ப மாட்டார். அழ வைத்துப் பார்த்தேன்:

"அவள் கண்களில் நீர் முட்டியது. சேலைத் தலைப்பால்"

(வேண்டாம். அவள் அழவில்லை. நான் எழுதினால் மட்டும் அழுதுவிடுவாளா?)

மூழ்கியதாக வாங்கிக்கொள் என்று அவளை வற்புறுத்தியது நான்தான். அதை இங்கே மறைக்கலாம் என்று நினைத்தேன். மறைத்தால் கதையில் அவள் பேசுவதற்கு ஆளே இல்லாமல் போகிறது. எனவே:

"ஒரு காகிதம்தானேக்கா. வாங்கிட்டு வேலைக்குப் போவியா..."

"ஒரு காகிதம்னா நீ ஏன் எரநூறு பக்கம் எழுதிக்கிட்டு இருக்க?"

"அது வேற."

"என்ன வேற? நான் ஒண்ணு கேக்கறேன். நான் செத்தா எங்க போடுவாங்க?"

அவளே சொன்னாள்:

"நானும் மூழ்கிடுவேன். எதுத்த வீட்டு வெல்டர் பொண்டாட்டி ஏற்கெனவே மூழ்கிட்டா. அவளுக்குத் தண்ணின்னாலே பயம், தெரியுமா? நான் இப்ப வாங்கிட்டேன்னா பன்னண்டு. அப்புறம் கடல்தான்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. உங்க அத்தான் கொட்டினதுடா இந்தத் தரை. அதுல நின்னுக்கிட்டு அவரை மூழ்கிட்டாருன்னு நான் சொல்லணுமா?"

அன்றைக்கு அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. என் வரலாற்றின் எட்டாம் அத்தியாயத்தில், 'கடல் கொண்ட உயிர்கள்' என்று ஒரு பகுதி எழுதி முடித்திருந்தேன். பதிவேட்டிலிருந்து எண்களை எடுத்து, அலைகளின் பசியைப் பற்றி இரண்டு பக்கம். நன்றாக வந்திருந்தது. அந்தப் பதினோரு பேரில் நான்கு பேரை எனக்கு நேரில் தெரியும். இரண்டு பேர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவர்கள் எங்கே செத்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அலைகளைப் பற்றி எழுதினேன், ஏனென்றால் வாக்கியம் அழகாக விழுந்தது. நகராட்சியைத் திட்டும்போது இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டாக இருந்த புத்தகம் இருநூற்றுப் பத்தானது இப்படித்தான். (வீடுகளின் எண்ணிக்கையும் இருநூற்றுப் பன்னிரண்டு என்பது தற்செயல். கதையாக இருந்தால் நம்ப மாட்டீர்கள்.)

6

பிறகு எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. எழுதுகிறவர்களுக்குத் தோன்றும் வகைத் தந்திரம். புத்திசாலித்தனமாக இருக்கும், வேலைக்கு ஆகாது.

சிறப்புக் கூட்டத்தில் நான்கு எல்லைகளைப் பழைய சட்டப் பிரதியிலிருந்து படிக்காமல், நூற்றாண்டு நூலின் முதல் பக்கத்திலிருந்து படிப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். முதல் பக்கத்தை எழுதுவது நான். எழுதினேன்:

"வடக்கே உப்பளம். தெற்கே கழிமுகம். மேற்கே ரயில் பாதை. கிழக்கே கசடுமேடு, ஐந்து வரிசை, இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அதற்கும் கிழக்கே கடல்."

கையெழுத்துப் பிரதி மன்றத்தின் ஒப்புதலுக்குப் போயிற்று. நான் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். தலைவர் பக்கங்களின் கனத்தைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார். "நல்லா வந்திருக்குல்ல?" என்றார். நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. அச்சுக்குப் போய்விட்டது.

நாளை தீர்மானம் எழுந்து நின்று அந்தப் பக்கத்தைப் படிப்பார். உறுப்பினர்கள் வழக்கம்போலக் காதைக் கழற்றி வைத்துவிட்டு மேசையைத் தட்டுவார்கள். தட்டினால் ஒப்புதல். மன்றக் குறிப்பில் கசடுமேடு ஏறிவிடும். அக்காவின் கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் மிச்சம். இரண்டு நாள் என் மேல் எனக்கே மரியாதை இருந்தது.

நேற்று ஒத்திகை. தீர்மானம் எழுந்து நின்றார். புத்தகம் கையில் திறந்திருந்தது. கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி, எதிர்ச்சுவரைப் பார்த்து, ஒப்பித்தார். "கிழக்கே" என்று நிறுத்தினார். அந்த இடத்தில் அவர் எப்போதும் நிறுத்துவார். மன்றத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். நான்கு நொடி இருக்கும். பிறகு, "கடல்."

ஒத்திகை முடிந்து அவரைப் பிடித்தேன். "சார், கூட்டத்தன்னைக்குப் புத்தகத்தைப் பார்த்துப் படிங்க சார்."

"எதுக்குத் தம்பி?"

"புதுசா அச்சடிச்சிருக்கோமே. அதுக்காகத்தான்."

"நாலு எல்லைய நான் பார்த்துப் படிச்சா ஊரு சிரிக்கும்." தோளில் தட்டினார். "நீங்க கவலைப்படாதீங்க. ஒரு எழுத்து மாறாது."

7

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு கையுறையின் கட்டைவிரலைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு கண்ணாடியே போடமாட்டாரா?"

"மாட்டாரு."

"பெரிய எழுத்துல போட்டிருக்கலாம்ல?"

"பார்க்கவே மாட்டாருக்கா. செவுத்தைப் பார்த்து ஒப்பிக்கறாரு."

"இவ்வளவு படிச்சு, இவ்வளவு எழுதி, கடைசியில ஒரு ஆளோட மூக்குக்கண்ணாடியில வந்து நிக்கிற." நூலைப் பல்லால் கடித்தாள். "ஏட்டுச் சுரைக்காய்டா நீ."

அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, புத்தகத்திலிருந்து ஒரு துணுக்கைச் சொன்னேன். நகராட்சியின் மூன்றாம் ஆண்டில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு வலை பின்னுகிறவர் எழுந்து, தலைவரைப் பார்த்து "உன் வீட்டுக் குப்பையை ஏன்யா என் வாசலில் கொட்டுகிறாய்" என்று கத்திவிட்டார். வெளியேற்ற உத்தரவு. ஆனால் விதி நாற்பத்தொன்று: வெளியேற்றப்படுகிறவரின் தொழிலையும் இருப்பிடத்தையும் அவர் சொன்னபடியே குறிப்பில் எழுதி, உரக்க வாசித்த பிறகே காவலர் அவரைத் தொடலாம். வலைக்காரர் வேண்டுமென்றே தன் விலாசத்தை நீட்டி நீட்டிச் சொல்ல, எழுதி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்றாம். நூலில் இதைக் 'கூட்டக் கலகலப்புகள்' என்ற தலைப்பில் சேர்த்திருந்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. ஊசி நின்றது.

"வெலாசத்தை எழுதினாங்களா?"

"ஆமா. எழுதணும்னு விதி."

"மன்றக் குறிப்புலயா?"

"ஆமாக்கா, அதைத்தானே..."

"அந்த விதி இன்னும் இருக்கா?"

நான் யோசித்தேன். நூறு வருஷத்தில் இவர்கள் எந்த விதியையும் நீக்கியதில்லை. நீக்க வேண்டுமென்றால் அதைப் படிக்க வேண்டுமே. "இருக்கு," என்றேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. வலைக்காரரின் தெருவுக்கு முப்பத்திரண்டு வருஷம் கழித்து வீட்டு எண் கொடுத்தபோது, அந்தத் தெரு முன்பே இருந்ததற்கு ஒரே ஆதாரமாகக் காட்டியது இந்தக் குறிப்பைத்தான். அதையும் நானே வேறொரு அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் நூலுக்கு ஒரு வாசகி தேவைப்பட்டாள்.

"அப்ப நான் போய்க் கத்தறேன்," என்றாள் அக்கா.

"நான் கத்தறேன்க்கா."

"நீ கத்தினா உன் வெலாசம்தான் ஏறும். நீ மேற்கால இருக்க. உனக்கு ஏற்கெனவே வீட்டு நம்பர் இருக்கு."

"வெளியேத்தினவங்க ஒரு வருஷத்துக்கு நகராட்சிக்குள்ள கால் வைக்கக் கூடாதுக்கா. சர்டிபிகேட்ட யாரு போய் வாங்கறது?"

"அதான் நீ இருக்கியே. அதனால நாளைக்கு நீ வாயைத் திறக்கக் கூடாது. என்னை இழுத்துட்டுப் போனாலும் சரி. உன்னையும் சேர்த்துத் தள்ளிட்டாங்கன்னா எல்லாம் போச்சு. புரியுதா? ஆடாம அசையாம உக்காரணும்."

எனக்கு மேடையில் நாற்காலி. தலைவருக்கு இடது பக்கம். நூலாசிரியர் என்று ஓர் அட்டைகூட எழுதி வைத்துவிட்டார்கள்.

8

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

அ) தீர்மானம் ஏதோ தோன்றிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். பக்கத்தில் உள்ளதைப் படிக்கிறார். மேசைகள் தட்டப்படுகின்றன. இது எழுத்தாளன் ஜெயிக்கும் முடிவு. எனவே நடக்காது.

ஆ) அவர் "கிழக்கே" என்று நிறுத்துகிறார். அக்கா எழுந்து கத்துகிறாள். தலைவர் வெளியேற்றச் சொல்கிறார். தீர்மானம் கண்ணாடியை எடுக்கிறார், ஏனென்றால் இப்போது எழுத வேண்டும். "தொழில்?" "கையுறை தைக்கறது." "இருப்பிடம்?" "கசடுமேடு, மூணாவது வரிசை, எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்து வீடு." எழுதுகிறார். உரக்க வாசிக்கிறார். காவலர் வருகிறார். ஒன்பது நாளுக்குள் நான் போய்ச் சான்றிதழை வாங்குகிறேன். அத்தான் வீட்டில் இறந்தவராகிறார்.

இ) ஆ போலவேதான். ஆனால் "இருப்பிடம்?" என்று கேட்டு, அவள் சொன்னதைக் கேட்டு, தீர்மானம் ஒரு கணம் தலைவரைப் பார்க்கிறார். இருபத்தாறு வருஷப் பழக்கம் கையில் இருக்கிறது. எழுதுகிறார்: "இருப்பிடம்: கடல்." அதை வாசிக்கிறார். மேசையைத் தட்டுகிறார்கள்.

மூன்றாவதை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாக இருந்தது. கசப்பான முடிவு. என்னைப் போன்றவர்கள் எழுதினால் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அக்காவிடம் மூன்றையும் படித்துக் காட்டினேன்.

"மூணையும் நீயே எழுதிட்டா, அப்புறம் நான் எதுக்குடா அங்க போறேன்?" என்றாள்.

9

கதை இங்கேயே நிற்கிறது. கூட்டம் நாளைக்கு. அக்கா வெளுத்த சேலை ஒன்றை எச்சரிக்கைப் பலகையில் காயப்போட்டிருக்கிறாள். கட்டிக்கொண்டு போவதற்கு.

நான் கிளம்பும்போது ஒன்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் என் எழுத்திடம் அவள் கேட்ட ஒரே உதவி.

"என்னன்னு கத்தணும்? ஒரு வரி எழுதிக் குடு. நாலு நொடிக்குள்ள சொல்லி முடிக்கற மாதிரி. வெளிய அனுப்பற அளவுக்கு இருக்கணும். ஆனா உங்க அத்தான் பேருக்குக் கேடு வரக் கூடாது."

மத்தியானத்திலிருந்து எழுதுகிறேன்.

"நாங்கள் மூழ்கவில்லை!" (பலகையில் எழுதலாம். வாயால் கத்த முடியாது.)

"கிழக்கே நாங்க இருக்கோம்!" (ஊர்வலக் கோஷம். இதற்கு வெளியேற்ற மாட்டார்கள். தட்டிவிடுவார்கள்.)

"யோவ் தலைவரே, என் வீட்டு வாசல்ல" (வலைக்காரர் சொன்னதன் நகல்.)

"கண்ணாடியப் போட்டுப் படிய்யா!" (இது நன்றாக இருக்கிறது. ஆனால் அவரைக் குத்துகிறது. குத்துப்பட்டவர் கையில்தான் பேனா இருக்கும்.)

"எங்க வீட்டுக்காரரு"

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

இருநூற்றுப் பத்துப் பக்கம் எழுதியவனுக்கு நான்கு நொடி நிரப்பத் தெரியவில்லை. எடைச்சீட்டில் 'சேமிப்புக் கிடங்கு' என்று எழுத எனக்கு ஒரு நொடிகூட ஆனதில்லை.

எனவே உங்களிடம் வருகிறேன். இது வாசகரைக் கௌரவிக்கும் உத்தி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு ஆள் இல்லை. நாளை பதினொரு மணிக்கு நான் மேடையில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். நீங்கள் ஒன்பது பகுதியாகப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு தொழில் இருக்கும், ஓர் இருப்பிடம் இருக்கும். அது ஏதோ ஓர் ஏட்டில் ஏறியும் இருக்கும். அதனால்தான் இவ்வளவு நேரம் பேசாமல் உட்கார முடிந்திருக்கிறது.

தீர்மானம் எழுந்துவிட்டார். கண்ணாடி பையில் இருக்கிறது. மூன்று முறை மேசை தட்டியாகிவிட்டது. அக்கா முன்வரிசையில், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்திருக்கிறாள். அவர் மன்றத்தை ஒரு சுற்றுப் பார்க்கிறார்.

"கிழக்கே..."

...............................................

இந்த இடத்தை நிரப்புங்கள். உரக்க. நிரப்பாவிட்டால், இதுவும் வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.